ஆறாவது முடி

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள். "ஆபீஸ்ல உக்காந்து பேன் பாக்குறா."

கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அதுதான் வேண்டும்.

அது பொய்யும் அல்ல. அவள் வேலை பார்த்த பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் இலைப்பேன்களுக்கென்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. பூவுக்குள்ளும் கொழுந்திலும் ஒளிந்திருந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி அது. அச்சில் வரும் ஒரு காற்புள்ளியின் அளவுதான் இருக்கும். அதில் ஓர் இனம் வயலையே காயவைத்துவிடும், அதன் பக்கத்து இனம் பூவில் சும்மா குடியிருந்துவிட்டுப் போகும். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. எது எது என்று பிரித்துச் சொல்ல, உடம்பில் எந்த இடத்தில் எத்தனை முடி இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முடிகளை ஒன்று விடாமல், இருக்கிற இடத்தில், இருக்கிற நீளத்தில் வரைந்து கொடுப்பதுதான் அவள் வேலை. நிலையத்தில் எல்லாரும் அவளைப் பேனக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த காவலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

இதற்கு ஒரு போட்டோ எடுத்தால் போதாதா என்று கல்யாணமான புதிதில் நானும் கேட்டிருக்கிறேன்.

"முதுகுல இருக்கிற முடி தெளிவா விழுந்தா வயித்துல இருக்கிறது மங்கிடும். போட்டோவுக்கு எது முக்கியம்னு தெரியாதுங்க. உங்க அக்கா கல்யாண ஆல்பம் மாதிரி. அத்தனை பேரும் இருப்பாங்க, பொண்ணு முகம் மட்டும் சரியா விழுந்திருக்காது" என்றாள். அக்காவின் ஆல்பம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாவது மாடியின் மூலையில் அவளுக்கு ஓர் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. மேஜையில் நுண்ணோக்கி, அதன் தலையில் கேமரா, பக்கத்தில் சாய்த்து வைத்த டேப்லெட் திரை. அதில் பேனாவால் நேராக வரையலாம். கை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் மட்டும் இடம் வைத்துத் தைத்த ஒரு கையுறை போட்டிருப்பாள். முதலில் பூச்சியை மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகப் படம் எடுத்து அடியில் போட்டுக்கொள்வாள். அதன் மேல் கண்ணாடித் தாள் விரித்தது போல லேயர் லேயராக வரைவாள். உடம்பின் எல்லைக்கோடு ஒரு லேயர், கால்கள் ஒரு லேயர், முடிகளுக்குத் தனி லேயர். ஒவ்வொரு முடியும் ஒரே இழுப்பு. அடியில் தடித்து நுனியில் காணாமல் போக வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும் இழுப்பாள்.

பூச்சிக்கு இடமும் வலமும் ஒன்றுதான். அதனால் இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் ஒரு வழக்கம் உண்டு. இடது பாதியை மட்டும் வரைவார்கள். அதை நகலெடுத்து அப்படியே திருப்பிப் போட்டால் வலது பாதி தயார். பிறகு நுண்ணோக்கியில் வலது பக்கத்தைப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் திருத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இவள் செய்வாள்.

பிரிவுக்குத் தலைவர் ஒரு டாக்டர். மருந்து எழுதுகிற டாக்டர் அல்ல, பூச்சி டாக்டர். நல்ல மனிதர். உலகத்துக்குத் தெரியாத இலைப்பேன்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுண்ணோக்கியில் நெடுநேரம் உட்கார அவரால் முடியவில்லை. ஸ்லைடைப் பார்த்து அவள் வரைந்தாள், அவள் வரைந்ததைப் பார்த்து அவர் எழுதினார். கட்டுரையின் கடைசியில் 'படங்கள்: நிலையத்தின் வரைபடப் பிரிவு' என்று ஒரு வரி வரும். அந்தப் பிரிவில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிரிவே படுத்துக்கொள்ளும்.

அப்படி இருக்கும்போது சாலையோரப் புதர் ஒன்றின் பூவிலிருந்து ஒற்றை இலைப்பேன் வந்து சேர்ந்தது. இலைப்பேனின் தலைக்குப் பின்னால் கேடயம் போல ஒரு தகடு இருக்கும். இந்த இலைப்பேன் சேர்ந்த வகையில் எல்லாவற்றுக்கும் தகட்டின் பின்மூலை ஒவ்வொன்றிலும் இரண்டு நீள முடிகள். இதற்கு இடது மூலையில் மூன்று இருந்தன. வலது மூலையின் மேல் ஒரு காற்றுக்குமிழி சப்பென்று உட்கார்ந்திருந்தது. பூச்சியைப் பசையில் பதித்துக் கண்ணாடி ஸ்லைடு போடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட குமிழி.

கண்ணுக்குத் தெரியாததைப் புள்ளிக்கோட்டில் வரைய வேண்டும் என்பது முறை. அவள் போய்க் கேட்டாள்.

"புள்ளிக்கோடு போட்டா பூச்சிக்கு அம்மை வந்த மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர். "திருப்பிப் போட்டுடு."

அவள் திருப்பிப் போட்டாள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, மொத்தம் ஆறு. ஆறு முடி உள்ள இலைப்பேன் அந்த வகையில் எங்கேயும் கிடையாது. படத்தைப் பார்த்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். புது இனம். அவர் ஓய்வு பெறப் போகிற வருஷம் அது. கடைசியாக ஒன்று கிடைத்தது. அதற்கு என் மனைவியின் பெயரை வைக்கப்போவதாக அங்கேயே சொல்லிவிட்டார். துல்லியத்துக்கு மரியாதை என்றார். அடுத்து வந்த கருத்தரங்கில் அறிவித்தும்விட்டார். அங்கே கொடுத்த கட்டுரைச் சுருக்கப் புத்தகத்தில் அவள் வரைந்த படம் வந்தது.

வீட்டில் அம்மாவுக்கு இது தாங்கவில்லை.

"பேனுக்கு இவ பேரா? ஏண்டா, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அது தலையில இருக்கிற பேன் இல்ல அத்தை. செடியில இருக்கிறது" என்றாள் அவள்.

"எதுல இருந்தா என்ன, பேன் பேன்தானே. ஒரு பட்டாம்பூச்சிக்கு வைக்கச் சொல்லக் கூடாதா?"

"பட்டாம்பூச்சி வேற டிபார்ட்மென்ட் அத்தை."

ஒருமுறை வைத்த பெயரை உலகம் இருக்கிறவரை யாரும் மாற்ற முடியாது என்று நான் விளக்கினேன். மறுநாள் லிப்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்ல ஒரு பேரு நிலைக்கணும்னு இருக்கு. அது பேன்ல நிலைச்சா என்ன, யானையில நிலைச்சா என்ன."

என் மனைவி இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பூச்சிப் பெயராக்க டாக்டர் கடைசியில் ஒரு வால் சேர்த்திருந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அந்த வாலோடு சேர்த்து அதைச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்டது. மெதுவாக ஒரு தரம், அப்புறம் இன்னொரு தரம். நான் உள்ளே போனதும் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

கட்டுரையை வெளியிட இருந்த பத்திரிகை, படத்தோடு ஒரு போட்டோவும் வேண்டும் என்று கேட்டது. அதற்காக ஸ்லைடை மறுபடி எடுத்தார்கள். பசை காய்வதற்காக அது இத்தனை மாதமும் வெதுவெதுப்பான அடுப்புப் பெட்டிக்குள் கிடந்தது. சூட்டில் குமிழிகள் சுருங்கும், நகரும், சில சமயம் வெளியே போய்விடும். இந்தக் குமிழி நகர்ந்திருந்தது.

அன்று வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "குமிழி நகந்துடுச்சு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். வலது பக்கம் ரெண்டுதான் இருக்கு."

அப்படியே உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். விஷயம் முழுதாக எனக்கு விளங்கியது சாப்பிட உட்கார்ந்தபோதுதான். அந்த ஆறு முடிகளில் ஒன்று, பூச்சி போட்டது அல்ல, கம்ப்யூட்டர் போட்டது. ஒரு பக்கத்தில் மட்டும் தவறிப்போய் ஒரு முடி அதிகமாக முளைத்த பழைய இனமாக அது இருக்கலாம். அப்படிப் பார்த்தால் புது இனமும் இல்லை, அதற்குப் பெயரும் இல்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் எப்படி இருந்தார் என்று மறுநாள் நடித்தே காட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். போட்டுக்கொண்டு மறுபடியும் கழற்றினாராம்.

"ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் ரெண்டு. அஞ்சு முடி உள்ள புது இனம்னு எழுதிடலாமா?"

"எழுதலாம் சார். அடுத்து கிடைக்கிறதுக்கும் அஞ்சுதான் இருக்கணும்."

"இரும்மா. முடி விழுந்திருக்கும். எனக்கே எவ்ளோ விழுந்துடுச்சு பாரு. விழுந்தா குழி இருக்கும்ல. குழியைத் தேடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இலைப்பேனின் ஒவ்வொரு முடியும் ஒரு குழியில் நட்டுவைத்தது போல இருக்கும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு சின்ன வட்டம். முடி ஒடிந்து போனாலும் வட்டம் போகாது. வலது மூலையில் அப்படி ஒரு வட்டம் இருந்தால் அங்கே ஒரு முடி இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு முடி, புது இனம், அவள் பெயர். வட்டம் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இதை அவள் தட்டின் ஓரத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி எனக்கு விளக்கினாள். பிறகு அதைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பின் சில நாள் அவள் வட்டம் தேடினாள். வீட்டுக்கு வந்து உப்புப் போட மறந்தாள். அம்மா குழம்பை வாயில் வைத்துவிட்டு, "இன்னும் அந்தப் பேன் சாகலையா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் என்னை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வரச் சொன்னாள். அவள் என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரையில் படம் இருந்தது. கைப்பெட்டி அளவுக்குப் பெரிதான இலைப்பேன். வலது மூலையில் இரண்டு முடிகளுக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு வட்டம். அது தனி லேயரில் இருந்தது. லேயரின் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கும். அதைத் தொட்டால் வட்டம் மறையும், மறுபடி தொட்டால் வரும். கண் திறந்தால் புது இனம், மூடினால் பழைய இனம். அவள் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாருங்க" என்று என்னை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். "என்ன தெரியுது?"

"வட்டம் தெரியுது."

"எப்படி இருக்கு?"

"பெருசா, வெளிச்சமா இருக்கு."

"அது லென்ஸுங்க."

நிலையத்தில் ஸ்லைடு போடுகிறவர் டீயோடு உள்ளே வந்துகொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் போட்ட குமிழிதான் இத்தனைக்கும் காரணம். அது அவர் மனதை உறுத்தியதாகத் தெரியவில்லை.

அவள் என் தலையைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி, எங்கே பார்க்க வேண்டும், அங்கிருந்து எவ்வளவு தள்ளிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் எனக்கும் அது தெரிந்தது. மங்கலாக, ஈரக் கோப்பை வைத்து எடுத்த தடம் போல.

"இருக்கு" என்றேன். "வட்டம்தான்."

"நான் வட்டம்னு சொல்லாம இருந்திருந்தா என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

நான் டீயைக் கையில் எடுத்தேன்.

"பேனக்கா, வட்டம்னு போட்டுட்டுப் போங்க" என்றார் ஸ்லைடு போடுகிறவர். "அந்தப் பூச்சியா வந்து கேக்கப் போகுது?"

"கேக்காது. அதனாலதான் இத்தனை நாளா உக்காந்திருக்கேன்."

அவர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். நுண்ணோக்கியின் பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் தொட்டு, மயிரிழையளவு அசைத்தாள். கேமரா காட்டியது திரையில் எனக்கும் தெரிந்தது. முதலில் அந்த வட்டம் பளிச்சென்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். வட்டம் கலங்கிக் கரைந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் பூச்சியின் மேல்தோல் தெளிவானது. மற்ற முடிகளின் குழிகளெல்லாம் ஒன்றாக, வரிசையாகத் தெளிவாயின.

"அப்படின்னா?"

"பூச்சி மேல இல்ல. பூச்சிக்கு மேல ஊத்தின பசையில இருக்கு. தூசி."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"முதல் நாளே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் இத்தனை நாள்?"

"நாளைக்கு வேற மாதிரி தெரியுமோன்னு பாத்தேன்."

வட்டம் இருந்த லேயரை மூடிவைக்காமல் அழித்தாள். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. தான் என்ன கேட்கிறோம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள். பிறகு வலது மூலையில் திருப்பிப் போட்டதால் வந்திருந்த இரண்டு முடிகளையும் எடுத்துவிட்டு, புதிதாக இழுத்தாள். இரண்டாவது முடியின் நுனி மட்டும் சரியாக அமையவில்லை என்று நான்கைந்து தடவை அழித்து அழித்து வரைந்தாள். நாங்கள் அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து வீட்டுக்கு வந்தோம். அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

டாக்டர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு குறிப்பு எழுதினார். புது இனம் இல்லை, பழைய இனத்தில் ஒரு பக்கம் மட்டும் முடி கூடிய ஒரு பூச்சி, அவ்வளவுதான் என்று அதில் இருந்தது. கருத்தரங்குப் புத்தகத்தில் தப்பான படம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதே, அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எனவே கடைசி வரியில், முந்தைய படத்தில் நேர்ந்த பிழை வரைந்தவருடையது என்று எழுதி, பக்கத்தில் அவளுடைய முழுப் பெயரையும் போட்டார்.

அச்சில் அவள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அவர்தானே திருப்பிப் போடச் சொன்னாரு?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

"சொன்னாரு. போட்ட கை என்னோடதுதானே."

"அதையாவது எழுதியிருக்கலாம்ல, நான் சொல்லித்தான் அவ போட்டான்னு."

"எழுதினா குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல போயிடும். ஒரு பக்கம்தான் குடுத்திருக்காங்க."

அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று எனக்கு எப்போதும் போல அப்போதும் தெரியவில்லை. அம்மா மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள். "பேரு வந்திருக்கா, இல்லையா?"

"வந்திருக்கு அத்தை."

"அப்புறம் என்ன" என்ற அம்மா, லிப்டில் சொல்லிவந்ததைத் தொடர்ந்து சொல்லிவந்தாள்.

டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். இவள் மற்ற இலைப்பேன்களின் முடிகளை வரைந்துகொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டியபோது, அவள் அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இதுல அளவுகோடு போடலையே. இது எவ்ளோ பெருசுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். டாக்டர், அதாவது மருந்து எழுதுகிற டாக்டர், என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். பெரிதுதான். அந்த வருஷம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். வரைபடப் பிரிவையும் மூடிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் ஒரு சாயங்காலம் பூச்சி டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடையைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவள் இறந்தபோது ஊரில் இல்லை என்று வருத்தப்பட்டார். அம்மா டீ கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயதுப் பெண் ஆராய்ச்சியாளராக வந்திருக்கிறாளாம். அதே புதரைத் தேடிப்போய், அந்தப் பூவிலிருந்து ஒரு பாட்டில் நிறைய இலைப்பேன் பிடித்து வந்திருக்கிறாள். அத்தனைக்கும் ஆறு முடி. இடம் மூன்று, வலம் மூன்று.

"அப்போ அது புது இனம்தானா?" என்றேன்.

"புது இனம்தான். நம்மகிட்ட வந்தது, பாவம், ஒரு முடி முளைக்காமலே போனது. ஆயிரத்துல ஒண்ணு. அதுதான் நம்ம கையில மாட்டியிருக்கு. அந்தப் பொண்ணு கட்டுரையே போட்டுடுச்சு. பேரும் வச்சாச்சு."

"என்ன பேரு?" என்றாள் அம்மா.

"ஆறு முடின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரும்மா."

"முடிக்கு வச்சாங்களா பேரை" என்றாள் அம்மா. பிறகு, "அப்போ எங்க மருமக வரைஞ்சது சரிதானே?"

"முதல்ல வரைஞ்சது சரிதான். அதை அப்புறம் திருத்தினது..." டாக்டர் நிறுத்தினார். "திருத்தினதும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா, தப்புன்னு அவ பேரைப் போட்டது எதுக்கு?"

டாக்டர் மிச்ச டீயைக் குடித்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும்.

லிப்ட் வரை நான் கூடப் போனேன். அவர் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைப் பார்த்தபடியே கேட்டார். "இப்ப அவ இருந்து, இது தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"ஸ்லைடெல்லாம் குடுங்கன்னு கேட்டிருப்பா."

"எதுக்கு? அதான் எல்லாம் பார்த்தாச்சே."

"நீங்க பார்த்தீங்களா சார்?"

"நான் படத்தைப் பார்த்தேன். அழகா வரைஞ்சிருக்கு அந்தப் பொண்ணு. ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டது மாதிரி அப்படியே ஒண்ணா இருக்கு."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. லிப்ட் வந்தது, திறந்தது, கொஞ்ச நேரம் காத்திருந்து மூடிக்கொண்டது. அவர் ஏறவில்லை. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போனை எடுத்து, "அந்தப் பொண்ணு நம்பரை எங்க வச்சேன்" என்று துழாவிக்கொண்டு அங்கேயே நின்றார்.